பள்ளியின் தேடுபெட்டியில் வயதுக்கு மீறிய பக்கங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரின் தென்கிழக்குப் புறநகர்ப் பகுதியில் இருக்கிறது செர்ரி கிரீக் பள்ளி மாவட்டம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதன் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2016இல் அங்கே நடுநிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோர், பள்ளி கொடுத்திருந்த இணைய நூலகத்துக்குள் நுழைந்து தேடிப் பார்த்தார்கள். பாலுறவு பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசும் கட்டுரைகள் தேடல் முடிவுகளில் வந்தன. பிள்ளை யாருக்கும் தெரியாமல் திறந்த தளமாக இருந்திருந்தால் விஷயம் வீட்டோடு முடிந்திருக்கும். ஆனால் இது பள்ளியே சந்தா கட்டி வாங்கித் தந்த இடம். ‘கண்ட கண்ட தளங்களில் தேட வேண்டாம், இங்கே தேடு, இது நம்பகமானது’ என்று பள்ளிகள் கைகாட்டும் இடம். எப்ஸ்கோ என்ற பெரிய நிறுவனம் நடத்தும் கட்டுரைத் தரவுத்தளம் அது. பெற்றோர் முறையிட்டார்கள். ஈராண்டு இழுபறிக்குப் பிறகு 2018இல் மாவட்டம் எப்ஸ்கோவை விட்டு விலகியது. அதே ஆண்டு அக்டோபரில், தாமஸ் மோர் சொசைட்டி என்ற சட்ட அமைப்பின் துணையோடு ஒரு பெற்றோர் குழு எப்ஸ்கோ மீதும் கொலராடோ நூலகக் கூட்டமைப்பின் மீதும் வழக்குப் போட்டது. 2019 பிப்ரவரியில், தீர்ப்பு எதுவும் வருமுன்னரே, வழக்குப் போட்டவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த மூன்று ஆண்டுகளில் இரு தரப்பும் பேசியது ஒரே ஒரு கேள்வியைத்தான்: தரவுத்தளத்தில் ஆபாசம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றார்கள் பெற்றோர். ஆபாச இதழ் எதையும் நாங்கள் சேர்ப்பதில்லை என்றது நிறுவனம். நூலகர் அமைப்புகள், இது தணிக்கைக்கான முன்னோட்டம் என்று எச்சரித்தன. இந்த மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கேள்வியே இடம் மாறிக் கேட்கப்பட்டது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கென்று ஒரு பார்வை நூல் தொகுப்பை வைக்கிறோம் என்றால், அதில் என்ன இருக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் யார்? செர்ரி கிரீக் விவகாரத்தைக் கிளறிப் பார்த்தால், அப்படி ஒருவர் அந்தச் சங்கிலியில் எங்குமே இல்லாமல் போகும் வாய்ப்புதான் கண்ணுக்குத் தெரிகிறது. வடிகட்டி மென்பொருள், தடைச் சட்டம், ஒப்பந்த ரத்து என்று பிறகு வந்த எல்லா மருந்துகளும் அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் சுற்றிச் சுற்றியே வருகின்றன.

தரவுத்தளம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். முன்பு பள்ளி நூலகர் ஒரு இதழுக்குச் சந்தா கட்டுவார். அது தபாலில் வரும். அட்டையைப் பார்ப்பார், புரட்டுவார், அடுக்கில் வைப்பார். இன்றைய தரவுத்தள நிறுவனம் ஆயிரக்கணக்கான இதழ்களின் பதிப்பாளர்களோடு உரிம ஒப்பந்தம் போட்டு, அவற்றின் கட்டுரைகளைப் பல ஆண்டுப் பழைய இதழ்கள் உட்பட முழுமையாக ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே தேடுபெட்டிக்குப் பின்னால் வைக்கிறது. பள்ளிகளுக்கு அது தனித்தனி இதழாக விற்கப்படுவதில்லை, கட்டாகத்தான் விற்கப்படுகிறது. கேபிள் டிவியில் நமக்கு வேண்டிய நாலு சேனலுக்காக நூறு சேனல் உள்ள பேக்கை வாங்குவது போலத்தான். பள்ளிக் கட்டு என்றால் பள்ளிக்கென்று எழுதப்பட்ட கட்டுரைகள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, பொது வாசகர்களுக்காக வெளிவரும் இதழ்களில் பள்ளிக்குப் பயன்படும் என்று நிறுவனம் கருதுகிறவற்றின் பட்டியல். தேர்வு நடப்பது இதழின் பெயரை வைத்து. கட்டுரை கட்டுரையாக யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அத்தனை லட்சம் கட்டுரைகளை அப்படிப் படிக்கவும் முடியாது.

ஒரு தேடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஏழாம் வகுப்பில் உடல்நலம் பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ‘உடற்பயிற்சி’ என்றோ ‘பதின்பருவ உறவுகள்’ என்றோ ஆங்கிலத்தில் தட்டுகிறது. முழுக் கட்டுரைத் தேடல் என்பதால், அந்தச் சொல் தலைப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுரையின் எந்த மூலையில் இருந்தாலும் போதும். மருத்துவ இதழின் ஆய்வுக் கட்டுரை வரும். செய்தி இதழின் அறிக்கை வரும். ஆண்களுக்கான உடல்நல இதழும் பெண்களுக்கான வாழ்க்கைமுறை இதழும் கட்டில் இருந்தால் அவற்றின் படுக்கையறை ஆலோசனைப் பத்தியும் வரும். பெரியவர்கள் படிக்கும் அந்த இதழ்களில் அப்படியொரு பத்தி இருப்பதில் தவறு ஒன்றும் இல்லை. அது யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களுக்கு அது பொருத்தமானதே. சில இதழ்கள் அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்ததுபோல் பிடிஎஃப் கோப்பாக வரும்போது, கட்டுரையோடு அதன் பக்கத்தில் இருந்த விளம்பரமும் சேர்ந்து வரும். கட்டுரைக்குள் வெளித் தளத்துக்குப் போகும் இணைப்பும் இருக்கலாம். ஆக, தரவுத்தளத்தை நடத்துபவர் நேர்மையாகவே ‘ஆபாச இதழ் ஒன்றுகூட எங்களிடம் இல்லை’ என்று சொல்ல முடியும். அதே மூச்சில் பெற்றோரும் நேர்மையாகவே ‘என் பிள்ளையின் திரையில் இது வந்தது’ என்று சொல்ல முடியும். ஒருவர் இதழைப் பார்க்கிறார், மற்றவர் பக்கத்தைப் பார்க்கிறார்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வாசிப்பு நிலை என்ற ஏற்பாடு. அமெரிக்கப் பள்ளித் தரவுத்தளங்கள் பலவற்றில் லெக்சைல் என்ற அளவுகோல் உண்டு. வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதைக் கணக்கிட்டு, ஒரு கட்டுரையைப் படிக்க எவ்வளவு கடினம் என்று அது எண்ணாகச் சொல்லும். ஆறாம் வகுப்புக்கு ஏற்ற எண் என்று வடிகட்டினால் ஆறாம் வகுப்புக்கு ஏற்ற கட்டுரைகள் வரும் என்று ஆசிரியர்கூட நம்பிவிடக் கூடும். எண் அளப்பது கடினத்தைத்தான். பொருத்தத்தை அது அறியாது. வாழ்க்கைமுறை இதழின் ஆலோசனைப் பத்தி சின்னச் சின்ன வாக்கியங்களில், எல்லாருக்கும் தெரிந்த சொற்களில் எழுதப்படுகிறது. அது குறைந்த எண்ணோடு சிறுவர் பக்கம் வந்துவிடும். பருவ வயதின் உடல் மாற்றங்களை விளக்கும் மருத்துவக் கட்டுரை, நீண்ட வாக்கியங்களாலும் கலைச்சொற்களாலும் உயர்ந்த எண் பெற்று மேலே போய்விடும். பிள்ளைக்கு வேண்டியது தள்ளிப் போகிறது, வேண்டாதது கிட்டே வருகிறது. நல்ல நோக்கத்தோடு செய்த ஒரு கருவி, அதன் வேலையல்லாத வேலைக்குப் பயன்படுத்தப்படும்போது இப்படித்தான் ஆகும்.

சட்டம் இதைப் பார்க்காமல் இருந்ததா என்று கேட்கலாம். வயதுக்கேற்பப் பொருளின் தன்மை மாறும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968லேயே ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கில் ஒரு சிறு கடைக்காரர் பதினாறு வயதுப் பையனுக்குப் பெண்களின் நிர்வாணப் படங்கள் உள்ள இதழ்களை விற்ற வழக்கு அது; பெரியவருக்கு ஆபாசமாகாத ஒன்று சிறுவருக்கு விற்கத் தகாததாக இருக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. இணையம் வந்தபின், 2000 டிசம்பரில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இ-ரேட் என்ற திட்டத்தின் கீழ் இணையக் கட்டணத்தில் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி மென்பொருள் போட்டே ஆக வேண்டும் என்றது அது. 2003இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் தடுக்கச் சொல்வது காட்சிப் படங்களை மட்டும்தான். எழுத்தைத் தடுக்கச் சொல்லி அது கேட்கவில்லை. அதோடு, பள்ளியின் வடிகட்டி வாசலில் நின்று எந்தத் தளத்துக்குப் போகிறாய் என்று பார்க்கிற காவலாளி. பள்ளி தானே காசு கொடுத்து வாங்கிய தரவுத்தளத்தின் முகவரி, அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் இருக்கும். உள்ளே எந்தக் கட்டுரை திறக்கிறது என்பது அந்தக் காவலாளிக்குப் பெரும்பாலும் தெரியாது. செர்ரி கிரீக்கில் வந்த புகார் சட்டத்தின் இந்தச் சந்துக்குள்தான் விழுந்தது.

அப்படியானால் வடிகட்டியை இறுக்கினால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். இதற்கு நல்ல சான்று பழையதாகவே இருக்கிறது. 2002இல் கைசர் குடும்ப அறக்கட்டளை, பள்ளிகளிலும் நூலகங்களிலும் பயன்பட்டு வந்த வடிகட்டிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு அது. தளர்வான அமைப்பில் வைத்தபோது வடிகட்டிகள் ஆபாசத் தளங்களில் 87 சதவீதத்தைத் தடுத்தன. உடல்நலத் தகவல் தளங்களில் 1.4 சதவீதத்தையும் தவறுதலாகத் தடுத்தன. மிக இறுக்கமாக வைத்தபோது ஆபாசத் தடை 91 சதவீதமாக உயர்ந்தது, அவ்வளவுதான். உடல்நலத் தளங்களின் தவறான தடையோ 24 சதவீதத்துக்குத் தாவியது. நான்கு புள்ளி கூடுதல் பாதுகாப்புக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை, நோயையும் உடலையும் பற்றிய தகவலில் கால் பங்கு. மென்பொருள் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கின் உருவம் மாற வழியில்லை: எந்த வாசகருக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்தத் தொனியில் என்பதை அறியாத தடை, இறுக்க இறுக்க நல்லதையே அதிகமாகப் பிடிக்கும். மிசௌரி மாநிலத்தின் கேம்டன்டன் பள்ளி மாவட்டத்தில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அங்கிருந்த வடிகட்டி, ஓரின ஈர்ப்புள்ள மாணவர்களுக்கு ஆதரவாக எழுதும் தளங்களைப் ‘பாலியல்’ என்று வகைப்படுத்தித் தடுத்தது. அவர்களை எதிர்த்து எழுதும் தளங்களை ‘மதம்’ என்ற வகையில் விட்டுவைத்தது. 2012 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டார். அந்தப் பள்ளியில் யாரும் உட்கார்ந்து அப்படித் தீர்மானித்திருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கோ தயாரான ஒரு பட்டியல் அவர்களுக்காகத் தீர்மானித்துவிட்டது.

இரண்டாவது மருந்து, முழுவதையும் எடுத்துவிடுவது. 2010 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மெனிஃபீ பள்ளி மாவட்டத்தில் ஒரு பெற்றோர், மெரியம்-வெப்ஸ்டர் கல்லூரி அகராதியில் வாய்வழிப் புணர்ச்சி என்பதற்கான விளக்கத்தைப் பிள்ளை பார்த்துவிட்டது என்று புகார் செய்தார். உடனே நான்காம், ஐந்தாம் வகுப்பு அறைகளிலிருந்து அகராதியையே எடுத்துவிட்டார்கள். நாடெங்கும் பேச்சானது. சில நாட்களில் ஒரு குழு கூடிப் பார்த்து அகராதியைத் திரும்ப வைத்தது. வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு வேறொரு அகராதியும் வைத்தது. இதில் எல்லாரும் அகராதியை எடுத்ததைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் படுவது வேறு: கல்லூரி அகராதி ஒன்பது வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்கு எப்படி வந்தது? அதில் ஒன்றும் பெரிய குற்றமில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுமென்று வைத்திருப்பார்கள். ஆனால் சிறுவர் அகராதி என்று தனியாக ஒரு வகை நூல், தலைமுறைகளாக உழைத்து ஆக்கப்பட்டது, இருக்கத்தான் இருக்கிறது. குழு கடைசியில் வந்து சேர்ந்த தீர்வும் அதுதான்: இரண்டு அகராதிகள், இரண்டு வாசகர்கள்.

ஃபுளோரிடாவில் அந்த நிதானம்கூட இருக்கவில்லை. 2023இல் வந்த ஒரு மாநிலச் சட்டம், பாலியல் நடத்தை பற்றிய விவரிப்பு இருப்பதாக ஆட்சேபிக்கப்பட்ட நூலை, ஐந்து பள்ளி நாட்களுக்குள் எடுத்துவிட்டுப் பிறகு பரிசீலிக்கச் சொன்னது. எஸ்காம்பியா மாவட்டம் 1,600க்கும் மேற்பட்ட நூல்களைப் பரிசீலனைக்கென்று அடுக்கிலிருந்து இறக்கியபோது, அவற்றில் தொடக்கப் பள்ளி அகராதியும் கலைக்களஞ்சியங்களும் கின்னஸ் சாதனை நூலும் இருந்தன. தடை இல்லை, பரிசீலனைதான் என்று மாவட்டம் விளக்கியது. பரிசீலனை முடியும்வரை பிள்ளைக்கு அகராதி கிடையாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். யூட்டா மாநிலமும் 2018 இலையுதிர் காலத்தில் தன் பள்ளிகள் அனைத்திலும் எப்ஸ்கோவை நிறுத்திப் பார்த்தது. பரிசீலித்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தது. காரணம் ஊகிக்க எளிது. சிறு ஊர்களின் பள்ளிகளுக்கு அந்தத் தரவுத்தளம்தான் நூலகம். அதை எடுத்தால் பிள்ளைகள் சும்மா இருக்கப் போவதில்லை. எந்த வாசலும் இல்லாத பொதுத் தேடுபொறிக்குப் போவார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, வேலை செய்யக்கூடிய வழி கண்முன்னே கிடக்கிறது. பெரிய பள்ளித் தரவுத்தளங்களில் நிர்வாகப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதில் நுழையும் உரிமை பள்ளி மாவட்டத்துக்கே தரப்படுகிறது. இந்த இதழ் நடுநிலைப் பள்ளிக்கு வேண்டாம், உயர்நிலைப் பள்ளிக்கு இருக்கட்டும் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். படத் தொகுப்பை மறைக்கலாம். தொடக்கப் பள்ளிக்கு வேறு முகப்பு வைக்கலாம். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் பள்ளிப் பதிப்பு தொடக்க, நடுநிலை, உயர்நிலை என்று மூன்று படிகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. மனித உடல் மூன்று படியிலும் உண்டு, சொல்லும் விதமும் ஆழமும் மட்டும் மாறும். தன்னார்வலர்களாலும் இது முடியும். எட்டிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக 2006இல் பிரெஞ்சில் தொடங்கிய விக்கிடியாவும், 2014இல் ஜெர்மனியில் தொடங்கிய க்ளெக்சிகானும், விக்கிப்பீடியாவை வடிகட்டி உருவானவை அல்ல. சிறுவருக்கென்று புதிதாக எழுதப்பட்டவை. தடுப்பு ஏற்கெனவே இருப்பதில் கை வைக்கிறது. தேர்வோ வாசகரை முதலில் நினைத்துத் தொடங்குகிறது.

ஆனால் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து அந்த வேலையைச் செய்ய ஒருவர் வேண்டும். இதழ்களை அறிந்தவராக, பாடத்திட்டத்தை அறிந்தவராக, அந்தப் பள்ளிப் பிள்ளைகளை அறிந்தவராக இருக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் பள்ளி நூலகர். 2010ஐ ஒட்டிய பத்தாண்டில் மட்டும் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் நூலகர் பணியிடங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. பொருளாதார நெருக்கடியின்போது முதலில் வெட்டப்பட்டவற்றில் அந்தச் சம்பளமும் ஒன்று; நெருக்கடி தீர்ந்த பிறகும் பல இடங்களில் அது திரும்பவில்லை. எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, நூலகர் எதற்கு என்ற வாதம் அப்போது வசதியாக இருந்தது. தரவுத்தளம் வாங்கப்பட்டது, அதைப் பள்ளிக்கேற்பச் செதுக்க வேண்டியவர் அனுப்பப்பட்டார். நிறுவனம் அமைத்துக் கொடுத்தபடியே கட்டு அப்படியே ஓடியது. பெற்றோர் புகாரோடு வரும்போது பதில் சொல்ல மிஞ்சியது கணினிப் பிரிவும் மாவட்டத்தின் வழக்கறிஞரும். கணினிப் பிரிவுக்குத் தெரிந்தது தடுப்பது. வழக்கறிஞருக்குத் தெரிந்தது விலகுவது. இரண்டுமே நடந்தன.

நூலகர்களின் தரப்பிலிருந்து இதற்கு வரும் மறுப்பு கனமானது. நீ தேர்வு என்று சொல்வது நல்ல சட்டை போட்ட தணிக்கைதான், இன்று படுக்கையறைப் பத்தியை எடுப்பவர் நாளை கருத்தடை பற்றிய கட்டுரையை எடுப்பார் என்பார்கள். அந்த அச்சம் ஆதாரமில்லாதது அல்ல, எஸ்காம்பியாவே ஆதாரம். ஆனால் எல்லைக் கோடு போட முடியாதது அல்ல. 1982இல் நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒரு பகுதியினர் அதைப் போட்டே காட்டினார்கள்: ஒரு நூலின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி வாரியம் அதை எடுக்க முடியாது, கல்விக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். இந்தக் கோட்டை நடைமுறையில் காப்பது எழுத்தில் வெளியிட்ட தேர்வுக் கொள்கை, காரணம் சொல்லும் கடமை, முறையீட்டுக்கு ஒரு குழு ஆகியவைதான். இதில் எதையும் ரகசியமாகச் செய்யக் கூடாது. எந்த இதழ் எந்த வகுப்புக்கு வைக்கப்படவில்லை, ஏன் என்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிய வேண்டும். தேர்வு செய்யவே மாட்டோம் என்று நூலகம் ஒதுங்கினால், தேர்வு நிற்காது. அதை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவும் வடிகட்டிப் பட்டியலும் செய்யும். அவர்களை யாரும் கேள்வி கேட்க முடியாது.

பெற்றோரின் மறுப்பு இன்னும் உணர்வுபூர்வமானது. ஆயிரம் கட்டுரை நன்றாக இருந்தாலும் ஒன்று என் பிள்ளையின் கண்ணில் பட்டால் போதாதா என்கிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு மரியாதை உண்டு. ‘எல்லாப் பிள்ளையிடமும் போன் இருக்கிறது, இதைவிட மோசமானதை அங்கே பார்க்கிறார்கள்’ என்று அவர்களுக்குச் சொல்லப்படும் பதில் மட்டமானது. பள்ளி தன் பெயரில் கையில் கொடுப்பதற்கும் பிள்ளை தானாகத் தேடிப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை அது மழுப்புகிறது. பள்ளியின் முத்திரை ஒரு பக்கத்தில் இருந்தால் இது உனக்கானது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த முத்திரையின் பொறுப்பு இரு பக்கமும் வெட்டும். வீட்டில் கேட்க முடியாத கேள்வி உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் உடலில் நடப்பது இயல்பா என்று தெரியாத பெண் பிள்ளை, தெரிந்த ஒருவரின் தொடுதல் தவறானதா என்று குழம்பும் பிள்ளை, இவர்களுக்குப் பெயர் சொல்லாமல், யார் கண்ணிலும் படாமல் தெரிந்துகொள்ளக் கிடைத்த நல்ல இடம் பள்ளிக் கலைக்களஞ்சியமாக இருக்கலாம். உடலுறுப்பின் பெயரையும் துன்புறுத்தலின் பெயரையும் வடிகட்டி விழுங்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவே சொல் இருக்காது. ஆகவே பன்னிரண்டு வயதுக்கான தொகுப்பில் உடலும் பாலியலும் இல்லாமல் இருக்கக் கூடாது. அவை அந்த வயதுக்கென்று எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும். இன்பக் குறிப்பாக இல்லாமல் அறிவாக இருக்க வேண்டும்.

வாசகரிடமே விட்டுவிடலாமே, வேண்டாதவர் மறைத்துக்கொள்ளட்டும் என்றும் ஒரு யோசனை இருந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2011இல் அதைத்தான் முன்வைத்தது: சர்ச்சைக்குரிய படங்களை வாசகரே தன் திரையில் மறைத்துக்கொள்ளும் வசதி. ஏறத்தாழ 24,000 பேர் கருத்து வாக்கெடுப்பில் பங்கெடுத்தார்கள். ஜெர்மன் விக்கிப்பீடியாவில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் கடுமையாக எதிர்த்தார்கள். எது சர்ச்சைக்குரியது என்று நாம் முத்திரை குத்தினால், அந்த முத்திரைகளை வைத்தே அரசுகளும் நிறுவனங்களும் தடுக்கத் தொடங்குமே என்பது அவர்கள் வாதம். 2012இல் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் எதிர்த்தது சரி என்றே படுகிறது. உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு கலைக்களஞ்சியம் எந்த வயதுக்கும் எந்த ஊருக்கும் தன்னைக் குறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும்: தணிக்கை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஒரு நூலை நான்காம் வகுப்புக்கான பார்வை நூலாக அப்படியே கொண்டுபோய் வைப்பது பள்ளியின் முடிவு. அந்த முடிவின் பொறுப்பை விக்கிப்பீடியாவின் தலையில் போடக் கூடாது.

2022இல் ஒக்லஹோமாவும் டென்னசியும் பொறுப்பை நிறுவனங்களின் தலையில் போட்டுச் சட்டம் இயற்றின. பள்ளிகளுக்குத் தரவுத்தளம் விற்பவர் தகாத பொருளைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு உறுதி தர வேண்டும். தவறினால் ஒக்லஹோமாவில் பணத்தை நிறுத்திவைக்கலாம். நிறுவனங்கள் இத்தனை காலம் ‘அமைப்பது பள்ளியின் வேலை’ என்று நழுவியதற்கு இது ஒரு பதில் என்பதால் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே எல்லாம் திறந்திருக்கும்படி தராமல், வகுப்புக்கேற்பக் குறுக்கிய கட்டாகத் தந்து, வேண்டியதைப் பள்ளி சேர்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றினாலே பாதிப் புகார் எழாது. ஆனால் பணம் போய்விடும் என்று பயந்த நிறுவனம் சந்தேகம் வந்த எல்லாவற்றையும் எடுத்துவிடும். எடுத்ததை யாரிடமும் சொல்லவும் மாட்டாது. மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை எப்போது காணாமல் போனது என்று எந்த ஆசிரியருக்கும் தெரியாது. இந்தியாவிலும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கி 2018இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் நூலகம், பல மூலங்களிலிருந்து திரட்டிய நூல்களையும் கட்டுரைகளையும் பள்ளிப் பிள்ளையிலிருந்து ஆய்வாளர்வரை எல்லாருக்கும் ஒரே தேடல் வழியாகத் தருகிறது. திரட்டு பெரிதாகப் பெரிதாக, பள்ளிப் பிள்ளைக்கான பகுதியை யார் எந்த விதியின்படி பிரிக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே பெரிதாகும்.

அமெரிக்காவில் இதற்குப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் முன்னுரிமைகள் புலப்படும். இ-ரேட் திட்டம் பள்ளிக்கு வரும் இணையத்துக்கும் உள்ளே ஓடும் கம்பிகளுக்கும் வைஃபைக்கும் சலுகை தருகிறது. அந்தச் சலுகைக்காகக் கட்டாயம் போட வேண்டிய வடிகட்டி மென்பொருளின் விலையை அது தருவதில்லை. தரவுத்தளச் சந்தாவையும் தருவதில்லை. அந்தத் தரவுத்தளத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இதழ்களின் பட்டியலை வகுப்பு வகுப்பாகப் பார்த்து முடிவெடுக்கும் நூலகரின் சம்பளத்தையும் தருவதில்லை. அந்தக் கடைசிச் செலவைப் பள்ளி மாவட்டங்கள் தங்கள் பட்ஜெட்டில் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுவரை பெற்றோர் பள்ளிக் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வடிகட்டி போட்டிருக்கிறீர்கள் என்பதாக இருக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளின் தரவுத்தளத்துக்கு நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அவர் கடைசியாக அதைத் திறந்து பட்டியலைப் பார்த்தது எப்போது என்பதாக இருக்க வேண்டும்.